கால் ஆணி: செதுக்கி எடுத்தாலும் ஏன் திரும்ப வருகிறது?

உங்கள் கேள்வியை, இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 54 வயது. ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் 17 ஆண்டுகளாக நின்றபடியே வேலை. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். வலது பாதத்தின் அடியில், இரண்டாம் விரல் தொடங்கும் மேட்டில் ஒரு கால் ஆணி. மாதம் ஒருமுறை வெந்நீரில் காலை ஊறவைத்துப் பிளேடால் செதுக்கிக்கொள்கிறார். மருந்துக்கடையில் கார்ன் கேப் என்னும் மருந்துப் பட்டையை வாங்கி இரண்டு முறை ஒட்டியிருக்கிறார். இரண்டாவது முறை சுற்றியிருந்த நல்ல தோலும் வெந்து, ஆறுவதற்கு மூன்று வாரம் பிடித்தது. வேரோடு எடுத்தால்தான் போகும், ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். செய்யலாமா, செய்தால் திரும்ப வராதா என்று கேட்கிறீர்கள்.

மற்றதெல்லாம் பிறகு. அந்தப் பிளேடை இன்றைக்கே தாளில் சுற்றி வெளியே போட்டுவிடுங்கள். மீதமிருக்கும் கார்ன் கேப்பையும் அதோடு சேர்த்துப் போடுங்கள். நான் 26 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தேன். கடைசி 11 ஆண்டுகள் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்களுக்குக் கட்டுப் போடும் அறையில். விரலை இழந்தவர்களிடம், எப்படி ஆரம்பித்தது என்று கேட்பேன். "ஒரு சின்ன ஆணிதான் சிஸ்டர், நானே சீவிவிட்டேன்" என்ற பதிலை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

இனி ஆணி என்றால் என்ன என்று பார்ப்போம். பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். லத்தீனில் இதற்கு கிளாவஸ் என்று பெயர். அதற்கும் ஆணி என்றுதான் பொருள். நடக்கும்போது உள்ளே ஏதோ அடித்து இறக்கியதுபோல் வலிப்பதால் எல்லா ஊரிலும் மனிதர்களுக்கு ஒரே உவமை தோன்றியிருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே இறங்கவில்லை. வேரும் கிடையாது. அங்கே இருப்பது அம்மாவின் சொந்தத் தோல்தான்.

நம் தோலின் மேற்பரப்பு இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்த ஒரு கவசம். உள்ளங்காலில் அது மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடிமன். ஓரிடத்தில் அழுத்தமும் உராய்வும் தொடர்ந்து விழுந்தால், அந்த இடத்துத் தோல் தன்னைக் காத்துக்கொள்ள வழக்கத்தைவிட வேகமாகச் செல்களை உண்டாக்கி அடுக்குகிறது. அழுத்தம் பரவலாக விழுந்தால் தடிப்பும் பரவலாக இருக்கும். மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கையிலும், சப்பணம் போட்டே உட்கார்பவர் கணுக்கால் எலும்பின் மேலும் பார்க்கிறோமே, அந்தக் காய்ப்பு. அது பெரும்பாலும் வலிப்பதில்லை. அதே அழுத்தம் ஒரு புள்ளியில், கீழே எலும்பு முட்டும் இடத்தில் குவிந்தால், தடித்த தோல் பக்கவாட்டில் பரவ வழியில்லாமல் கூம்புபோல உள்நோக்கி இறுகுகிறது. அகன்ற பக்கம் வெளியே, கூர்முனை உள்ளே. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்தக் கூர்முனை கீழே இருக்கும் நரம்பு முனைகளைக் குத்துகிறது. இதுதான் ஆணி.

செதுக்கும்போது நடுவில் கண்ணாடிபோலத் தெரியும் கெட்டியான பகுதியைத்தான் மக்கள் வேர் என்கிறார்கள். அதைத் தோண்டி எடுத்துவிட்டால் நாலு நாள் சுகமாக இருக்கும். ஆனால் அழுத்தம் அங்கேயே இருக்கிறது. தோல் மறுபடியும் தன் வேலையைத் தொடங்கும். சில வாரங்களில் பழைய கூம்பு அதே இடத்தில் தயார். 17 ஆண்டுகளாக அம்மாவின் பாதம் எதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறதோ அதைக் கண்டுபிடிக்காமல், பதிலை மட்டும் மாதம் ஒருமுறை வெட்டி எறிந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் மீது குறையாகச் சொல்லவில்லை. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

அடுத்தது, அது ஆணிதானா என்பது. பாத மருவை ஆணி என்று நினைத்து மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். மரு ஒரு வைரஸால் வருவது. வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். ஆணி தொற்றாது. நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். கைரேகைபோல உள்ளங்காலிலும் கோடுகள் உண்டு. ஆணியின் மேல் அந்தக் கோடுகள் அப்படியே ஓடும். மருவில் அவை அறுபட்டு, மருவைச் சுற்றி வளைந்து போகும். மருவுக்குள் மிளகுத் தூளைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். அவை உறைந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள். நேராக அழுத்தினால் ஆணி வலிக்கும். இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் மரு வலிக்கும். எலும்பு முட்டாத, எடை விழாத இடத்தில் இருந்தால் பெரும்பாலும் அது ஆணியாக இருக்காது. ஒரே பாதத்தில் நாலைந்து கூட்டமாக வந்தாலும் மருவைச் சந்தேகிக்கலாம். முள்ளோ கண்ணாடித் துணுக்கோ உள்ளே தங்கி, அதைச் சுற்றித் தோல் இறுகிப்போவதும் நம் ஊரில் அடிக்கடி நடப்பதுதான். திடீரென்று தோன்றி, நாளுக்கு நாள் அகலமாகும் கறுப்புத் திட்டாக இருந்தால் வீட்டில் எதையும் செய்யாமல் தோல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். உள்ளங்காலில் வரும் ஒருவகைத் தோல் புற்றுநோய் அப்படித்தான் தொடங்கும். அரிதுதான், ஆனாலும் ஆணி என்று எண்ணித் தள்ளிப்போட்டுவிடக் கூடாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அம்மாவுக்கு இருப்பது கெட்டி ஆணி. விரலிடுக்கில் வரும் மெல்லாணி என்று இன்னொன்று உண்டு. நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில்தான் அதிகம் வரும். இரண்டு விரல்களின் எலும்பு முண்டுகள் ஒன்றோடொன்று உரசி, வியர்வை ஈரத்தில் ஊறி, வெள்ளையாகச் சொதசொதவென்று இருக்கும். இதைச் சேற்றுப்புண் என்று நினைத்து மாதக்கணக்கில் பூஞ்சைக் களிம்பு தடவிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சேற்றுப்புண் அரிக்கும், நாறும், பல இடுக்குகளில் தோல் உரியும். மெல்லாணி ஒரே புள்ளியில் இருக்கும். விரல்களைப் பக்கவாட்டில் சேர்த்து அழுத்தினால் உயிர் போகிறமாதிரி வலிக்கும். அதற்கு மருந்தைவிட இடைவெளிதான் முக்கியம். இடுக்கை நன்றாகத் துடைத்து உலர்த்தி, நடுவில் சிறிது பஞ்சோ சிலிக்கான் தடுப்போ வைத்து, முன்பக்கம் அகலமான செருப்புக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆணி கரைக்கும் அமிலத்தை விரலிடுக்கில் போடவே கூடாது. ஈரத்தில் அது பரவி இரண்டு விரலையும் வேகவைத்துவிடும்.

பெண்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. மெட்டி. திருமணத்தின்போது அளவெடுத்துப் போட்ட மெட்டியை 30 ஆண்டுகள் கழித்தும் அப்படியே போட்டிருப்பார்கள். விரல் தடித்திருக்கும், மெட்டி தடிக்காது. அதன் விளிம்பு பக்கத்து விரலில் உரசி உரசிக் காய்ப்பாகி, பிறகு ஆணியாகவே ஆகிவிடும். பாதப் பிரிவுக்கு வரும் அம்மாக்களிடம் மெட்டியைத் தளர்த்தச் சொல்வது எளிதான காரியமாக இருந்ததில்லை. கழற்ற வேண்டாம், தட்டையாக, விளிம்பு மழுங்கியதாக, ஒரு சுற்றுப் பெரிதாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் அம்மாவின் மெட்டியையும் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். சுழலவில்லை என்றால் மாற்றுவது நல்லது, சர்க்கரை இருப்பதால் இன்னும் நல்லது.

இனி அம்மாவின் ஆணி ஏன் அந்த இடத்தில் வந்தது என்பதற்கு வருகிறேன். முன்பாதத்தில் ஐந்து நீண்ட எலும்புகள் இருக்கின்றன. இரண்டாம் விரலுக்குரியதுதான் பலருக்கு அவற்றில் நீளமானது. அசைய இடமில்லாமல் பின்பக்கம் இறுகப் பொருந்தியிருப்பதும் அதுதான். மற்ற எலும்புகள் கொஞ்சம் மேலே நகர்ந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். அது நகராமல் வாங்கிக்கொள்ளும். பெருவிரல் இரண்டாம் விரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தால், அது தாங்க வேண்டிய எடையும் இரண்டாவதன் தலையில் வந்து விழும். அதோடு வயது. எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் இயற்கை வைத்திருக்கும் கொழுப்பு மெத்தை வயதாக ஆக மெலிகிறது, முன்பக்கமாக விலகியும் போகிறது. 37 வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த மெத்தை 54 வயதில் இருக்காது. மெலிந்த மெத்தையோடு ஒரு நாளில் பத்து மணி நேரம் டைல்ஸ் தரையில் நின்றால் தோல் வேறு என்ன செய்யும்?

அம்மாவின் செருப்பைக் கையில் எடுங்கள். தினமும் போடும் செருப்பு, விசேஷத்துக்குப் போடுவது வேண்டாம். திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். எங்கே அதிகம் தேய்ந்திருக்கிறது? உள்பக்கத்தில் விரல் பதிந்த தடம் இருக்கும். அதில் ஆணி இருக்கும் இடத்துக்கு நேராக ஒரு பள்ளம் தெரிகிறதா? செருப்பை இரண்டு கையாலும் மடக்கிப் பாருங்கள். தாள்போல இரண்டாக மடிந்தால் அந்த அடிப்பாகம் காலுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. பிறகு அம்மாவை ஒரு வெள்ளைத் தாளில் நிற்கச் சொல்லி, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். உட்கார வைத்து வரையக் கூடாது. நின்றால்தான் பாதம் முழுதாக விரியும். அந்தப் படத்தின் மேல் செருப்பை வையுங்கள். பென்சில் கோடு செருப்புக்கு வெளியே தெரிகிறதா? நான் பார்த்த பத்து வீடுகளில் ஏழெட்டில் தெரிந்தது. பல ஆண்டுகளாக ஒரே அளவைக் கேட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள். பாதம் அதற்குள் அகன்றிருக்கும்.

செருப்புக்கும் பாதத்துக்கும் இவ்வளவு முக்கியத்துவம் தருவது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. இந்த அறிவில் பெரும்பகுதி வேலூரில் பிறந்தது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி விழுவதாக அப்போது உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அவரும் அவருடன் இருந்தவர்களும் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தார்கள். நோய் உணர்ச்சியைத்தான் பறிக்கிறது. உணர்ச்சி போன பாதம் வலி தெரியாமல் ஒரே புள்ளியில் மறுபடி மறுபடி மிதிபட்டுத் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். அந்தப் பாதங்களுக்காகத்தான் காற்று நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. இன்றைக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று கடையில் கேட்கிறோமே, அதன் கதை இதுதான். அன்று தொழுநோயாளிகளின் பாதத்தில் கற்றது இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைக் காப்பாற்றுகிறது.

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அவர்களில் பலருக்கு ஆண்டுகள் போகப் போகப் பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது. ஆணி இருக்கிறது, ஆனால் இப்போது முன்போல வலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் மற்றவர்கள் மகிழ்வார்கள். எனக்குப் பயம் வரும். தடித்த தோல் செருப்புக்குள் விழுந்த சரளைக் கல்லைப்போல உள்சதையை நசுக்கிக்கொண்டே இருக்கும். வலி தெரியாததால் காலை மாற்றி வைக்க மாட்டார்கள். அடியில் இரத்தம் கசியும், பிறகு புண்ணாகும். மேலே தோல் மூடியபடி இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. ஆணியின் அடியில் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு நிழல் தெரிந்தால் அது உள்ளே கசிந்த இரத்தம். அதை ஆணி என்று எண்ணாதீர்கள், புண் என்றே எண்ணி அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சுற்றிலும் சிவப்பு, சூடு, சீழ், கெட்ட நாற்றம், காய்ச்சல் எது இருந்தாலும் அதே அவசரம்தான்.

அம்மாவின் பாத உணர்ச்சியை வீட்டிலேயே முதல் கட்டமாகச் சோதிக்கலாம். அவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆட்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, இரண்டு காலிலும், ஓரிரு நொடி மட்டும் இறகுபோலத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவவும் கூடாது. தொட்டதும் வலதா இடதா என்று சொல்லச் சொல்லுங்கள். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ அவருக்குத் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். மருத்துவமனையில் பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை வைத்து இதையே இன்னும் துல்லியமாகப் பார்ப்பார்கள். பாதத்தின் நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள். இரத்த ஓட்டம் குறைந்த காலில் சிறு கீறல்கூட ஆறாது. கார்ன் கேப் புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று என்று நீங்கள் எழுதிய வரிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. எல்லாம் சரியாக ஆறிவிட்டது என்று விட்டுவிடாமல் நாடியைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கே போவது? நம் ஊரில் பாதத்துக்கென்று தனி மருத்துவர் கிடைப்பது அரிது. சர்க்கரை நோய்ப் பிரிவோடு சேர்ந்த பாதப் பராமரிப்பு அறை பெரிய அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இருக்கலாம், விசாரியுங்கள். இல்லாவிட்டால் தோல் மருத்துவர் அல்லது பொது அறுவை மருத்துவர். அங்கே செய்வதும் செதுக்குவதுதான். ஆனால் கிருமி நீக்கிய கத்தியால், நல்ல வெளிச்சத்தில், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை செய்யும். இறந்த தோலை மட்டும் சீவுவதால் மரப்பு ஊசி தேவைப்படாது, இரத்தமும் வராது. அம்மா எழுந்து நடக்கும்போது அவர் முகத்திலேயே வித்தியாசம் தெரியும். அதற்காக, வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 202 பேரை வைத்து நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்துப் பட்டை ஒட்டியவர்களிடம் மூன்று மாதத்தில் ஆணி முழுதும் மறைந்தது சுமார் 34 சதவீதம். கத்தியால் செதுக்கியவர்களிடம் சுமார் 21 சதவீதம். பயிற்சி பெற்ற கைகளிலேயே இவ்வளவுதான். மீதிப் பேருக்கு ஏன் போகவில்லை என்ற கேள்விக்குப் பெரும்பாலும் செருப்பலமாரியில்தான் விடை இருக்கும் என்பது என் அனுபவம்.

சர்க்கரை இல்லாதவர்கள், இரத்த ஓட்டம் நன்றாக இருப்பவர்கள், பாதத்தில் மரமரப்பு இல்லாதவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இது உங்கள் அம்மாவுக்கானது அல்ல என்பதை மறுபடி சொல்லிவிட்டு எழுதுகிறேன். வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் பாதத்தை ஊறவிடுங்கள். பாதம் தேய்க்கும் கல்லையும் நனைத்து, ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடும் ஆசை வேண்டாம், தினம் கொஞ்சம். பிறகு துடைத்து உலர்த்தி, யூரியா கலந்த களிம்பு தடவுங்கள். பத்து முதல் 20 சதவீத யூரியா தோலை மிருதுவாக்கும். கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ போதும். விரலிடுக்கில் மட்டும் எதையும் தடவாதீர்கள்.

கார்ன் கேப் ஒட்டுவதாக இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து ஒட்டுங்கள். நடுவில் இருப்பது பெரும்பாலும் 40 சதவீத சாலிசிலிக் அமிலம். இறந்த தோலை அது கரைக்கும், ஆனால் நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. மருந்துப் பகுதி ஆணியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிதாக இருந்தால் வெட்டிச் சிறிதாக்குங்கள். சுற்றியுள்ள தோலில் வாசலினை வட்டமாகத் தடவிவிட்டு ஒட்டுங்கள். ஒட்டிய இடம் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்க நடக்க அது சறுக்கி நல்ல தோலுக்குப் போவதால்தான் பாதி விபத்து நடக்கிறது. 48 மணி நேரம் கழித்து எடுத்து, வெளுத்துப்போன தோலைத் தேய்த்துவிட்டு மறுபடி ஒட்டலாம். இரண்டு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எரிச்சல் வந்தால் அந்த நிமிடமே எடுத்துவிடுங்கள்.

நாட்டு வைத்தியம் பற்றியும் கேட்பீர்கள். மருதாணியை மஞ்சளோடு அரைத்துக் கட்டுவதில் பெரிய தீங்கு இல்லை. ஈரம் பட்டுத் தோல் இளகும், குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். எருக்கம்பால், சேங்கொட்டை, கொடிவேலி வேர், மயில்துத்தம், சுண்ணாம்பும் சோப்பும் குழைத்த கலவை ஆகியவை வேறு ரகம். இவை தோலை அரிக்கும், கொப்புளம் கிளப்பும். சேங்கொட்டைப் பால் பட்டுக் கணுக்கால்வரை வீங்கி வந்த ஒரு பாட்டிக்கு நானே பல நாள் கட்டுப் போட்டிருக்கிறேன். கொதிக்கும் எண்ணெயில் நனைத்த திரியால் ஆணியின் மேல் சூடு வைப்பதையும் சர்க்கரை நோயாளிக்கு ஒருபோதும் செய்யாதீர்கள். தெருவோரத்தில் ஆணி எடுக்கிறேன் என்று உட்கார்ந்திருப்பவரிடம் காலை நீட்டுவதும் அப்படித்தான். ஒரே கத்தி எத்தனை காலில் பட்டதோ! இரத்தத்தால் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிக்கு அது போதும்.

இனி பக்கத்து வீட்டார் சொன்ன ஆபரேஷன். ஆணியை மட்டும் சதையோடு வெட்டித் தையல் போடுவதை நான் ஏற்க மாட்டேன். எடை விழும் உள்ளங்காலில் தழும்பு உண்டானால் அந்தத் தழும்பே ஆணியைவிட வலிக்கும். அதன்மேலும் ஆணி வரும். அறுவைக்கு இடம் இருப்பது எலும்பைச் சரிசெய்யத்தான். விரல் சுத்திபோல மடங்கி நிமிராமல் போய், செருப்பு மாற்றியும் தடுப்பு வைத்தும் பல மாதம் பார்த்துப் பலனில்லை என்றால் எலும்பு மருத்துவர் அதைப் பற்றி யோசிப்பார். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், இரத்த ஓட்டம் போதுமானதாக இருக்க வேண்டும். அம்மாவின் நிலையில் இப்போது அந்தப் பேச்சுக்கே அவசரமில்லை.

அம்மாவுக்கு வாங்க வேண்டியது பின்பக்கம் வார் உள்ள, முன்பக்கம் அகலமான, எம்.சி.ஆர். மெத்தையும் கெட்டியான அடிப்பாகமும் கொண்ட செருப்பு. மெத்தை மட்டும் இருந்து அடிப்பாகமும் மெத்தென்றிருந்தால் முள்ளும் இரும்பு ஆணியும் ஏறிவிடும். பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவில் வார் போகும் ரப்பர் செருப்பு வேண்டாம். அது கழன்று விழாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் நண்டுபோல மடங்கிப் பிடிக்கின்றன, முன்பாதத்தின் மேல் பாரம் கூடுகிறது. மாலையில் கடைக்குப் போங்கள், பகல் முழுதும் நின்ற கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும். நீங்கள் வரைந்த அந்தப் பாதப் படத்தை மடித்து எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் சொல்லும் எண்ணை நம்புவதைவிட அதை நம்பலாம். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுவிட்டுக் காலைப் பாருங்கள், சிவந்திருக்கிறதா என்று. ஆணி படும் இடத்தில் செருப்பின் மெத்தையில் ஓட்டை வெட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டு. உணர்ச்சி குறைந்த காலில் ஓட்டையின் விளிம்பே புதுப் புண் உண்டாக்கலாம் என்பதால் அம்மாவுக்கு அதை நீங்களாகச் செய்ய வேண்டாம். ஆணிக்குப் பின்னால், பாதத்தின் நடுப்பகுதியைத் தாங்கும்படி ஒரு சிறு திண்டு வைத்தால் எலும்பின் மேல் விழும் பாரம் பின்னுக்குப் போகும். எந்த இடத்தில் வைப்பது என்பதைப் பாதப் பிரிவில் குறித்துக் கொடுப்பார்கள்.

கடை விஷயத்தையும் பேசியாக வேண்டும், ஏனென்றால் ஆணி வளர்வது அங்கேதான். புடவைப் பிரிவில் விரித்த மெத்தைக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்கச் சொல்லும் கடைகள் உண்டு. அம்மாவின் கடையும் அப்படியானால், மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்து, உள்ளே மட்டும் போடும் சுத்தமான ஒரு ஜோடி மெத்தைச் செருப்புக்கு அனுமதி கேளுங்கள். உட்காரும் உரிமை பற்றி அம்மாவுக்குத் தெரியுமா? 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். வேலையின் நடுவே உட்காரும் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்வதற்கு ஏற்ற இருக்கை ஒவ்வொரு ஊழியருக்கும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்கு முன்பே, 2018இல், கேரளம் இதைச் செய்துவிட்டது. நான் பார்த்த பாதங்களில் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடைப் பெண்களின் பாதங்கள் அவ்வளவு அதிகம் என்பதால், அந்தச் சட்டத்தை நான் ஒரு மருந்துச் சீட்டாகவே நினைக்கிறேன். வாடிக்கையாளர் இல்லாத பத்து நிமிடம் உட்கார்ந்தால்கூட முன்பாதத்துக்கு இரத்தம் திரும்பும். மேற்பார்வையாளரிடம் அம்மா தனியாகக் கேட்பதைவிட, உடன் வேலை செய்பவர்கள் நாலு பேர் சேர்ந்து கேட்பது நல்லது.

தினமும் இரவில் அம்மாவின் உள்ளங்காலை நீங்கள் பாருங்கள். அவரே குனிந்து பார்ப்பது கடினம். கண்ணாடியைத் தரையில் வைத்தும் பார்க்கலாம், ஆனால் மகன் பார்ப்பதுபோல வராது. செருப்பு மாற்றி, மருத்துவமனையில் ஒருமுறை செதுக்கியபின், தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கால் தோல் புதுப்பிக்கப்பட ஒரு மாதம் போல ஆகும் என்பதால் நாலு வாரம் கழித்து அதே இடத்தைப் பாருங்கள். மேடு முன்பைவிடத் தட்டையாக இருந்தால் அழுத்தம் குறைந்திருக்கிறது. அடுத்த முறை செதுக்க இன்னும் நாள் பிடிக்கும். பழைய உயரத்துக்கே வந்திருந்தால் மறுபடி ஆணியை நோண்ட வேண்டாம். செருப்பையும் கடைத் தரையையும் இன்னொரு முறை பாருங்கள், அம்மா உங்களிடம் சொல்லாமல் பழைய ரப்பர் செருப்பையே போட்டுக்கொண்டு போகிறாரா என்பதையும் சேர்த்து.